அமெரிக்கக் கால்நடைப் பண்ணையாளருக்குப் போகும் அரசு மானியம்: யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று தேடிப் பார்க்க ஒரு வழிகாட்டி

அமெரிக்க வேளாண்மைத் துறையின் பண்ணைச் சேவை முகமை (இனி எஃப்.எஸ்.ஏ.) விவசாயிகளுக்கும் கால்நடைப் பண்ணையாளர்களுக்கும் கொடுத்த பணம், பெற்றவர் பெயர், ஊர், தொகை, தேதியோடு எக்செல் கோப்புகளாக இணையத்தில் இருக்கிறது. யாரும் இறக்கிக்கொள்ளலாம். இறக்கிய மறுநாளே தப்பான கூட்டுத்தொகையோடு வருகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். தரவில் பிழை இருந்து அல்ல. எந்த வேலையை முதலில் செய்வது என்ற வரிசை தவறிப்போனதால் வந்த வினை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு நெப்ராஸ்கா மாநிலத்தின் செர்ரி கவுண்டியை (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வைத்துக்கொள்வோம். மணற்குன்றுப் புல்வெளி, பரப்பில் அந்த மாநிலத்திலேயே பெரிய கவுண்டி, மனிதரைவிட மாடு பல மடங்கு. பயிர் மானியம் அதிகம் குறுக்கிடாது என்பதால் பழகுவதற்கு நல்ல இடம்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"பண்ணையாளர்களுக்கு எவ்வளவு மானியம் போகிறது?" என்று தொடங்கினால் எந்தக் கோப்பைத் திறப்பது என்றே தெரியாது. "2012 வறட்சிக்காகச் செர்ரி கவுண்டி மாட்டுப் பண்ணைகளுக்குத் தீவன இழப்பீடாக எவ்வளவு போனது, யாருக்குப் போனது?" என்று எழுதிப் பாருங்கள். இடம், திட்டம், ஆண்டு மூன்றும் அதில் வந்துவிட்டன.

கேள்வியில் "எந்த இழப்புக்காக" என்பது கட்டாயம் இருக்க வேண்டும். ஏன் என்பது 5-ஆம் பகுதியில் விளங்கும். புதியவர்கள் விழுகிற பெரிய குழி அங்கேதான் இருக்கிறது.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

விரிதாள் மென்பொருள் ஒன்று வேண்டும். நாடு முழுவதற்குமான ஓராண்டு விவரம் பல கோப்புகளாகப் பிரித்தே கிடைக்கும். எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரிசைக்கு மேல் ஏற்காது. எல்லாவற்றையும் ஒட்டவைக்கப் போனால் மிச்சம் விழுந்துவிடும். உங்கள் மாநிலம் எந்தக் கோப்பில் என்று பார்த்து அதை மட்டும் எடுங்கள்.

மாநில, கவுண்டிக் குறியீடுகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நெப்ராஸ்கா 31, செர்ரி கவுண்டி 031. கவுண்டிப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் வேறு மாநிலத்தில் அதே பெயரில் இருக்கும் கவுண்டியும் சேர்ந்து வரும்.

ஒரு குறிப்பேடும் வேண்டும். எந்தக் கோப்பு, எந்த நாளில் இறக்கியது, எந்த வடிகட்டி போட்டது என்று ஒவ்வொரு படியையும் எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கப்போவது நீங்களேதான்.

3. திட்டங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"மானியம்" என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். கால்நடைப் பக்கத்தில் அதற்குள் குறைந்தது ஐந்து வேறு வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன. பிரிக்காமல் கூட்டினால் வரும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

கால்நடைத் தீவனப் பேரிடர் திட்டம் (எல்.எஃப்.பி.): வறட்சியில் மேய்ச்சல் காய்ந்துபோனால் கொடுப்பது. மாதத் தீவனச் செலவில் 60 விழுக்காடு. அந்தச் செலவை மாட்டு எண்ணிக்கையை வைத்து ஒருமுறையும் நிலம் தாங்கும் அளவை வைத்து ஒருமுறையும் கணக்கிட்டு, குறைந்ததை எடுப்பார்கள். கூட்டரசு நிலத்தில் தீப்பிடித்து மேய்ச்சலைத் தடுத்தாலும் இதே திட்டத்தில் பணம் உண்டு.

கால்நடை இழப்பீட்டுத் திட்டம் (எல்.ஐ.பி.): பனிப்புயல், வெள்ளம், கடும் வெப்பம் போன்றவற்றில் விலங்கு செத்தால் சந்தை மதிப்பில் 75 விழுக்காடு. இதுவும் முன்னதும் குழம்புவது சாதாரணம். பசி ஒன்றில், சாவு மற்றொன்றில் என்று நினைவில் வையுங்கள்.

அவசர உதவித் திட்டம் (ஈ.எல்.ஏ.பி.): மேலே உள்ள இரண்டிலும் அடங்காத இழப்புகளுக்கு. தண்ணீர் லாரி, தீவனம் ஏற்றி வரும் செலவு போன்றவை இதில் வரும். தேனீ வளர்ப்போரும் பண்ணை மீன் வளர்ப்போரும் இதே தலைப்பில் இருப்பதால், இந்த வரிசைகளை எல்லாம் மாட்டுக் கணக்கில் போட்டுவிடாதீர்கள்.

சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம் (ஈக்விப்): வேலி, தண்ணீர்த் தொட்டி, புதர் அகற்றல் போன்றவற்றுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை அரசு தருவது. இதை நடத்துவது எஃப்.எஸ்.ஏ. அல்ல, இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை என்ற வேறு அமைப்பு. 2018 பண்ணைச் சட்டப்படி இதன் நிதியில் பாதி கால்நடை சார்ந்த வேலைகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும்.

ஐந்தாவது மேய்ச்சல் நிலக் காப்பீடு. அரசு பிரீமியத்தில் பாதிக்கும் சற்று மேலே ஏற்கிறது: நீங்கள் தேர்ந்தெடுக்கும் காப்பு அளவைப் பொறுத்து 51 முதல் 59 விழுக்காடு. இதில் பெயர் கிடைக்காது. 9-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

4. கோப்பை இறக்குங்கள், ஆனால் திறக்கும் விதத்தில் கவனம்

எஃப்.எஸ்.ஏ. தளத்தில் பணம் வழங்கிய கோப்புகள் ஆண்டுவாரியாக இருக்கும். இறக்கியதும் அசலை ஒரு தனி உறையில் போட்டுப் பூட்டிவிடுங்கள். வேலை செய்வது நகலில் மட்டும். அசலிலேயே வரிசைப்படுத்தி, ஒரு நெடுவரிசையை மட்டும் நகர்த்தி, பெயருக்கும் தொகைக்கும் உறவே அற்றுப்போன கோப்பை ஒருவர் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார். மீட்க வழியில்லை, மறுபடியும் இறக்க வேண்டியதாயிற்று.

நீங்கள் பயன்படுத்தப்போகும் நெடுவரிசைகள் சில: மாநிலக் குறியீடு, கவுண்டிக் குறியீடு, பெற்றவர் பெயர், முகவரி, ஊர், அஞ்சல் குறியீடு, தொகை, பணம் வழங்கிய தேதி, திட்டக் குறியீடு, திட்ட விளக்கம், திட்ட ஆண்டு.

குறியீடுகளை எண்ணாக அல்ல, எழுத்தாக இறக்குமதி செய்யுங்கள். கொலராடோ 08, அரிசோனா 04, கலிபோர்னியா 06. எண்ணாக எடுத்தால் முன்னால் இருக்கும் சுழியம் காணாமல் போகும். பிறகு வேறு கோப்போடு பொருத்தும்போது ஒரு மாநிலமே வெறுமையாக நிற்கும். செர்ரிக்கும் 031 என்பது 31 ஆகிவிடும்.

கவுண்டி நெடுவரிசை குறிப்பது பணத்தை நிர்வகித்த அலுவலகத்தின் கவுண்டியை. பெற்றவரின் முகவரி டென்வரிலோ ஒமாஹாவிலோ இருக்கலாம், மாடு செர்ரியில் மேயலாம். "உள்ளூர்க்காரர் எத்தனை பேர்" என்பது உங்கள் கேள்வியானால் இரண்டு நெடுவரிசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

எதிர்மறைத் தொகைகளை அழிக்காதீர்கள். அவை திரும்பப் பெற்ற பணமோ திருத்தமோ. நீக்கிவிட்டால் கூட்டுத்தொகை உண்மையைவிட ஊதிப்போகும்.

5. பணம் வந்த ஆண்டு வேறு, இழப்பு நடந்த ஆண்டு வேறு

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

நான் முதலில் செய்த கணக்கில் 2014-ஆம் ஆண்டு வானளாவ நின்றது. 2012-இல் ஒன்றுமே இல்லை. 2012 கோடையில் நெப்ராஸ்கா வாட்டி வதங்கியது என்பது ஊரறிந்த செய்தி. "வறட்சி வந்தபோது கைவிட்டு, மழை பெய்தபின் அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள்" என்று எழுதக்கூடத் தொடங்கிவிட்டேன்.

நடந்தது இது. 2008 பண்ணைச் சட்டம் தந்த எல்.எஃப்.பி., எல்.ஐ.பி. இரண்டின் அதிகாரமும் 2011 செப்டம்பர் 30-இல் முடிந்துபோனது. 2012 வறட்சியும், 2013 அக்டோபரில் தெற்கு டகோட்டாவில் ஆயிரக்கணக்கில் மாடுகளைக் கொன்ற பனிப்புயலும் வந்தபோது திட்டமே கிடையாது. 2014 பிப்ரவரி 7-இல் கையெழுத்தான புதிய பண்ணைச் சட்டம் இரண்டையும் நிரந்தரமாக்கி, 2011 அக்டோபர் 1 முதல் பின்தேதியிட்டுக் கொடுக்கச் சொன்னது. விண்ணப்பம் 2014 ஏப்ரல் 15-இல் தொடங்கியது. பல ஆண்டு இழப்புக்கான பணம் மொத்தமாக வந்து விழுந்தது.

ஆகவே இழப்பைப் பற்றிய கேள்வி என்றால் திட்ட ஆண்டு நெடுவரிசையை வைத்துக் கூட்டுங்கள். அரசின் செலவைப் பற்றிய கேள்வி என்றால் பணம் வழங்கிய தேதி. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

மூன்றாவதாக நிதியாண்டு என்று ஒன்று உண்டு: அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை. கூட்டரசின் செலவுத் தளங்கள் அதன்படி போகும். இங்கே ஏப்ரல்–மார்ச் பழகிய நமக்கு இது இன்னொரு தடுக்கல். உங்கள் எண் வேறொரு தளத்தின் எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் எந்த ஆண்டு என்று பாருங்கள். பாதி சண்டை அங்கேயே தீரும்.

6. பெயர்களைச் சேர்த்தல்

ஒரே குடும்பம் நான்கு எழுத்துக்கூட்டலில் வரும். நடு எழுத்தோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை, வரையறுக்கப்பட்ட கம்பெனியாக ஒருமுறை, அறக்கட்டளையாக ஒருமுறை. இவற்றைத் தானாகச் சேர்த்துவிடும் மென்பொருளை நம்பாதீர்கள். முதல் இருபது பெயரைக் கையாலேயே செய்யுங்கள்.

பெயரும் முகவரியும் இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் "ஒரே ஆள்" என்று குறியுங்கள். பெயர் மட்டும் ஒத்தால் "இருக்கலாம்" என்று தனி நெடுவரிசையில் போடுங்கள். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயர் வைக்கும் வழக்கம் அங்கே சாதாரணம். கடைசியில் ஜூனியர் என்று ஒட்டியிருப்பதை மென்பொருள் தின்றுவிடும்.

கம்பெனிக்குப் பின்னால் யார் என்று பார்க்க மாநிலச் செயலர் அலுவலகத்தின் வணிகப் பதிவேட்டைத் தேடலாம். பதிவு முகவர் என்று இருப்பவரை உரிமையாளர் என்று எழுதிவிடாதீர்கள். அவர் பெரும்பாலும் வக்கீலோ கணக்காளரோ. கடிதம் வாங்கி வைப்பவர், அவ்வளவுதான்.

இங்கே உச்சவரம்பு உதவும். எல்.எஃப்.பி.யில் ஒருவருக்கு ஒரு திட்ட ஆண்டில் 1,25,000 டாலர்தான் எல்லை. 2025-இல் சட்டம் மாறும்வரை, மூன்று ஆண்டுச் சராசரி வருமானம் 9,00,000 டாலரைத் தாண்டினால் தகுதியே கிடையாது என்று இருந்தது. ஒரு பெயருக்கு எதிரே 3,75,000 என்று பார்த்தவுடன் முறைகேடு என்று துள்ளாதீர்கள். பொதுக் கூட்டாண்மையாக இருந்தால் பங்காளி ஒவ்வொருவருக்கும் தனி எல்லை உண்டு. மூவர் இருந்தால் அந்தத் தொகை சட்டப்படியே வரும். அல்லது நீங்கள் மூன்று திட்ட ஆண்டைக் கூட்டியிருப்பீர்கள். 5-ஆம் பகுதிக்குத் திரும்புங்கள். எல்.ஐ.பி.க்கு இப்போது இந்த வரம்பு இல்லை, அதையும் சேர்த்து அளக்கக் கூடாது.

பங்காளிகளை வைத்து எல்லையைப் பெருக்கிக்கொள்வது சரியா என்பது நல்ல கேள்வி. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அது சட்டத்தைப் பற்றிய கேள்வி. அந்த ஒரு குடும்பத்தைத் திருடராகக் காட்ட அதைப் பயன்படுத்த முடியாது.

7. வறட்சி வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள்

எல்.எஃப்.பி. பணம் அதிகாரி மனம்போனபடி கொடுப்பதல்ல. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் தேசிய வறட்சித் தணிப்பு மையம் கூட்டரசு அமைப்புகளோடு சேர்ந்து வியாழன்தோறும் வெளியிடும் வறட்சி வரைபடம்தான் சாவி. கவுண்டிவாரி வாராந்தரப் பட்டியலை அந்தத் தளத்திலிருந்தே இறக்கலாம்.

அந்த வரைபடம் வறட்சியை டி0 முதல் டி4 வரை தரம் பிரிக்கிறது; எண் ஏற ஏற வறட்சி கடுமை. 2014 சட்டத்தின் விதி இப்படி. மேய்ச்சல் பருவத்தில் டி2 வறட்சி 8 வாரம் தொடர்ந்தால் ஒரு மாதப் பணம். டி3 எப்போதாவது தொட்டால் மூன்று மாதம். டி3 நான்கு வாரம் இருந்தால், அல்லது டி4 தொட்டால், நான்கு மாதம். டி4 நான்கு வாரம் இருந்தால் ஐந்து மாதம். 2025-இல் வந்த சட்டம் டி2-க்கான காத்திருப்பை 4 வாரமாகக் குறைத்தது. பழைய ஆண்டுகளுக்குப் பழைய விதியையே போடுங்கள்.

இங்கே இரண்டு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. கவுண்டியின் சராசரியை எடுப்பது ஒன்று. விதி கேட்பது கவுண்டியின் ஏதாவது ஒரு மூலை அந்த நிலையில் இருந்ததா என்பதை. செர்ரி போன்ற பரந்த கவுண்டியில் ஒரு கோடி காய்ந்தால் மறுகோடியும் தகுதி பெறும். இந்த விதியைக் குறை சொல்பவர்கள் விரல் வைப்பதும் இந்த இடத்தில்தான்.

இன்னொன்று, பட்டியலை இறக்கும்போது கூட்டுவகை, தனிவகை என்று இரண்டு வடிவம் இருப்பதைக் கவனிக்காதது. கூட்டுவகையில் டி2 நெடுவரிசைக்குள் டி3, டி4 நிலமும் அடங்கும். தனிவகையை எடுத்தால், டி2-இலிருந்து முற்றாக டி3-க்குப் போன வாரத்தில் டி2 சுழியம் காட்டும். எட்டு வாரத் தொடர்ச்சி அறுந்ததுபோல் தோன்றும். இந்த வேலைக்குக் கூட்டுவகைதான் சரி.

8. வேறு தளங்களோடு சரிபார்த்தல்

சுற்றுச்சூழல் பணிக்குழு என்ற அமைப்பு 2001 முதல் பண்ணை மானியத் தரவுத்தளம் ஒன்றை நடத்துகிறது. 1995-இலிருந்து விவரம் இருக்கிறது, பெயரைப் போட்டால் உடனே வரும். விரைவாக ஒரு பார்வை பார்க்க இதைவிட வசதி இல்லை. ஆனால் அவர்கள் திட்டங்களைத் தங்கள் வகைப்படி தொகுக்கிறார்கள். மானியச் சீர்திருத்தம் கோரும் அமைப்பு என்பதும் நினைவில் இருக்கட்டும். அங்கே கண்டதை அசல் கோப்பில் உறுதிசெய்யாமல் எழுதாதீர்கள்.

யுஎஸ்ஏஸ்பெண்டிங் தளம் 2006-இன் நிதி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தால் வந்தது. திட்ட எண்ணைப் போட்டுத் தேடுங்கள்: எல்.எஃப்.பி. 10.089, எல்.ஐ.பி. 10.088, ஈ.எல்.ஏ.பி. 10.091, ஈக்விப் 10.912. தனிநபருக்குப் போன பணம் அங்கே பெயரின்றித் தொகுப்பாக வரும். "பெயரை மறைத்துவிட்டார்கள்" என்று கூச்சல் போட வேண்டாம். கூட்டுத்தொகையைச் சரிபார்க்க மட்டும் அந்தத் தளம்.

9. கதவு எங்கே மூடியிருக்கிறது

1996-இல் வாஷிங்டன் போஸ்ட் தொடுத்த வழக்கில் பருத்தி மானியம் பெற்றவர்களின் பெயரைத் தர வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. பெயரோடு தரவு கிடைப்பதற்கு அடிக்கல் அதுதான். 2008 பண்ணைச் சட்டத்தின் 1619-ஆம் பிரிவு வேறு சிலவற்றை மூடியது: பண்ணையாளர் திட்டத்தில் சேர அளித்த நில, தொழில் விவரங்கள், வரைபட எல்லைகள். அதே பிரிவு, பணம் பெற்றவர் பெயரும் தொகையும் தரலாம் என்று விலக்கும் வைத்திருக்கிறது. ஆகவே "எத்தனை மாடு வைத்திருந்தார்" என்று கேட்டால் கிடைக்காது. "எவ்வளவு வாங்கினார்" என்றால் கிடைக்கும்.

காப்பீட்டில் அதுவும் இல்லை. காப்பீட்டைக் கவனிக்கும் இடர் மேலாண்மை முகமை கவுண்டிவாரித் தொகையைத்தான் வெளியிடும். பெயரைச் சட்டமே காக்கிறது. நேரடிப் பணத்தை மட்டும் வைத்து "முழு மானியம்" என்று எழுதினால் ஒரு பெரிய துண்டு விடுபட்டிருக்கும். கட்டுரையில் இதை ஒரு வரியாவது சொல்லிவிடுங்கள்.

பணமாகக் கைக்கு வராத சலுகையும் உண்டு. கூட்டரசு நிலத்தில் மேய்க்க 2019 முதல் 2025 வரை கட்டணம், ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 1.35 டாலர். 1986 முதல் இருக்கும் குறைந்தபட்சக் கட்டணம் அது. 2004 நிதியாண்டில் இந்த மேய்ச்சலுக்காகக் கூட்டரசு அமைப்புகள் குறைந்தது 14.4 கோடி டாலர் செலவிட்டு, சுமார் 2.1 கோடிதான் வசூலித்தன என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2005-இல் கணக்குக் காட்டியது. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பக்கம் ஆவணம் திறந்தே கிடக்கிறது: நில மேலாண்மைப் பணியகத்தின் மேய்ச்சல் நிர்வாகப் பதிவகத்தில் அனுமதி வைத்திருப்பவர், மேய்ச்சல் பகுதி, எண்ணிக்கை எல்லாம் பார்க்கலாம். செர்ரியில் பெரும்பாலும் தனியார் நிலம் என்பதால் அங்கே இது பெரிதாக உதவாது. நெவாடா, வயோமிங் என்றால் இதிலிருந்தே தொடங்குங்கள்.

10. இல்லாததைக் கேட்டு வாங்குதல்

நம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் குடிமக்கள்தான் கேட்கலாம். அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தில் யாரும் கேட்கலாம், மதுரையில் உட்கார்ந்தும் கேட்கலாம். இணையப் படிவமே போதும்.

இணையத்தில் ஏற்கெனவே இருப்பதைக் கேட்காதீர்கள். சுட்டியை அனுப்பிவிட்டுக் கோப்பை மூடுவார்கள். நல்ல கேள்வி இப்படி இருக்கும்: "2019 முதல் 2023 வரை செர்ரி கவுண்டியில் ஈக்விப் திட்டத்தில் வேலி (382), தண்ணீர்த் தொட்டி (614), புதர் அகற்றல் (314) ஆகிய பணிகளுக்கு ஆண்டுவாரியாகக் கொடுத்த மொத்தத் தொகையும் ஒப்பந்த எண்ணிக்கையும், விரிதாள் வடிவில்." அந்த எண்கள் அவர்களே வைத்திருக்கும் பணிக் குறியீடுகள். அவர்கள் மொழியில் கேட்டால் "புரியவில்லை" என்று திருப்ப முடியாது.

கட்டணம் இத்தனை டாலருக்கு மேல் போனால் முதலில் என்னைக் கேளுங்கள் என்று எழுதுங்கள். வணிக நோக்கமில்லாத சாதாரண விண்ணப்பதாரருக்கு முதல் இரண்டு மணி நேரத் தேடலும் 100 பக்கமும் இலவசம். பதிலுக்கு 20 வேலை நாள் என்பது சட்டம், நடைமுறையில் இழுக்கும்.

மறுத்தால் எந்த விலக்கைக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். விலக்கு 3 என்றால் 1619 போன்ற வேறொரு சட்டத்தைப் பிடித்திருக்கிறார்கள்; பணத் தொகைக்கு அதே பிரிவு தரும் அனுமதியைச் சுட்டி மேல்முறையீடு செய்யலாம். விலக்கு 6 தனியுரிமை. அதற்குப் பெயரை விட்டுவிட்டுத் தொகுப்பாகக் கேட்பது சுலபம். மேல்முறையீட்டுக்குக் குறைந்தது 90 நாள் உண்டு; தவறவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

11. வெளியிடும் முன்

முதல் பத்துப் பெயர்களின் தொகையைக் கையால் மறுபடி கூட்டுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, தரவு சொல்வதை மட்டும்தான் அது சொல்கிறதா என்று பாருங்கள். "இவர் 2012 வறட்சிக்காக இவ்வளவு பெற்றதாகக் கோப்பு காட்டுகிறது" என்பது சரி. "இவ்வளவு லாபம் பார்த்தார்" என்பது உங்கள் ஊகம். அவர் அந்த ஆண்டு தீவனத்துக்கு என்ன செலவழித்தார், எத்தனை மாட்டை விற்றார் என்று கோப்பில் இல்லை.

எல்.எஃப்.பி. போவது மாட்டுக்காரருக்கு. அவர் குத்தகை நிலத்தில் மேய்ப்பவராக இருக்கலாம், ஆகவே "நிலவுடைமையாளர்" என்ற சொல்லைத் தவிருங்கள்.

தெரு முகவரியை வெளியிட வேண்டாம், ஊர் போதும். பெயர் குறிப்பிடப்போகிறீர்கள் என்றால் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்யுங்கள். நான் செய்த அழைப்புகளில் இரண்டு முறை கணக்கு மாறியது: ஒருவர் பணத்தைத் திருப்பிக் கட்டியிருந்தார், அந்த எதிர்மறை வரிசை அடுத்த ஆண்டுக் கோப்பில் இருந்தது.